ஏ3 தாளை வெட்டி ஏ5 புத்தகம்: மரக் கையேடு செய்த பதிவு

எங்கள் பகுதி மரங்களைப் பற்றிக் குழந்தைகள் கையில் வைத்துக்கொண்டே நடக்கிற மாதிரி ஒரு சிறு கையேடு வேண்டும் என்று வாசகர் வட்டத்தில் முடிவு செய்தோம். வேம்பு, புங்கை, பூவரசு, நாவல், மகிழம் என்று 18 மரங்கள், ஒவ்வொன்றுக்கும் 2 பக்கம். முன்னுரையும் பொருளடக்கமும் சேர்ந்து 40 பக்கம். அளவு ஏ5. நடுவில் நூல் தையல், தடித்த மேலட்டை, 50 படிகள். இவ்வளவு குறைந்த படிகளுக்கு ஆஃப்செட், அதாவது தகடு செய்து பெருந்தாளில் அடிக்கும் அச்சு, கட்டுப்படியாகாது. அதனால் ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு, மடிப்பது, தைப்பது எல்லாவற்றையும் வீட்டு மேசையில் செய்தேன்.

இந்த வேலையில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஏ வரிசைத் தாளை எத்தனை முறை பாதியாக வெட்டினாலும் அதன் வடிவம் மாறாது. ஆனால் தாளுக்குள் இருக்கும் இழையோட்டம், அதாவது நார்கள் படுத்திருக்கும் திசை, அந்த வடிவத்தோடு சேர்ந்து திரும்பாது. புத்தகம் விரித்தால் படிந்து கிடக்குமா, விறைத்துக்கொண்டு மூடிக்கொள்ளுமா என்பது இதைக் கவனிப்பதில்தான் இருக்கிறது. கடைகளில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. அதனால் அந்தப் பகுதியை மட்டும் விரிவாகவே எழுதுகிறேன்.

அளவுகள்

ஏ0 என்பது 841 × 1189 மி.மீ. பரப்பு 1 சதுர மீட்டர். நீளப் பக்கத்தைப் பாதியாக்கினால் ஏ1 (594 × 841), அதைப் பாதியாக்கினால் ஏ2 (420 × 594), அப்புறம் ஏ3 (297 × 420), ஏ4 (210 × 297), ஏ5 (148 × 210), ஏ6 (105 × 148), ஏ7 (74 × 105). எல்லாவற்றிலும் அகலம் 1 என்றால் நீளம் 1.414, அதாவது 2-இன் வர்க்கமூலம். பாதியாக வெட்டினாலும் மாறாத விகிதம் இது ஒன்றுதான். வேறு எந்த விகிதத்துக்கும் இந்தக் குணம் கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்க நம் ஊர்ப் பழைய கிரவுன் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அது 15 × 20 அங்குலம், 3-க்கு 4. ஒரு தடவை மடித்தால் 10 × 15, அதாவது 2-க்கு 3, ஒல்லியாகிவிடும். இன்னொரு தடவை மடித்தால் 7.5 × 10, மறுபடியும் 3-க்கு 4. ஒவ்வொரு மடிப்புக்கும் பக்கத்தின் முகமே மாறிக்கொண்டிருக்கும். ஒரு அளவுக்கு அமைத்த பக்கத்தை அடுத்த அளவுக்குச் சுருக்கினால் ஓரிடத்தில் வெற்றிடம் வரும், இல்லாவிட்டால் ஓரிடத்தில் எழுத்து வெட்டுப்படும்.

கோட்டிங்கனில் இருந்த இயற்பியலாளர் லிக்டன்பெர்க் 1786-இல் சக பேராசிரியர் பெக்மனுக்கு எழுதிய கடிதத்தில் இந்த விகிதத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஒரு மாணவருக்கு அதை அவர் கணக்காகவே கொடுத்துப் பார்த்திருக்கிறார். வால்டர் போர்ஸ்ட்மன் அதிலிருந்து ஒரு முழு வரிசையை உருவாக்க, 1922-இல் ஜெர்மனியில் அது டின் 476 என்ற தேசியத் தரமாக வந்தது. 1975-இல் ஐஎஸ்ஓ 216 என்ற உலகத் தரம் ஆனது. இந்தியாவில் இதற்கான தரத்தின் எண் ஐஎஸ் 1064. நம் கையில் இருக்கும் ஏ4-க்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

டெமியா, ஏ5-ஆ?

எங்கள் தெருமுனை பைண்டிங் கடை அண்ணனிடம் பேசப் போனபோது அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"என்ன சைஸ் மேடம்? டெமியா, கிரவுனா?"

"ஏ5 அண்ணே. ஜெராக்ஸ்லதான் போடுறோம்."

"அப்ப சரி. ஆஃப்செட்டுன்னா டெமியே போயிருங்கன்னு சொல்லியிருப்பேன்."

அவர் சொன்னதற்குக் காரணம் பெருந்தாளில் இருக்கிறது. நம் அச்சகங்களில் பரவலாகப் புழங்கும் தாள் 23 × 36 அங்குலம். அகலத்தை நான்காகப் பிரித்தால் 5.75 அங்குலம், ஏறக்குறைய 146 மி.மீ. ஏ5-க்கு 148 வேண்டும், அதற்கு மேல் ஓரம் வெட்டவும் இடம் வேண்டும். வெறும் 2 மி.மீ. வித்தியாசத்தில் ஏ5 அந்தத் தாளில் உட்காராது. அதே தாளில் டெமி 1/8, அதாவது 5.5 × 8.5 அங்குலம், ஓரம் வெட்ட இடம் விட்டு ஒழுங்காக உட்காரும். தமிழ்ப் புத்தகங்களில் டெமி இவ்வளவு அதிகமாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை. பெருந்தாளைக் கழிவில்லாமல் பயன்படுத்துவதுதான் பதிப்பகத்துக்குச் சரியான கணக்கு.

எங்கள் வேலை ஜெராக்ஸ் இயந்திரத்தில். அதன் தட்டில் கிடப்பது ஏ4-உம் ஏ3-உம். அங்கே டெமி போட்டால் நாலு பக்கமும் வெட்டி எறிய வேண்டியிருக்கும். எந்த இயந்திரத்தில் அச்சடிக்கிறோமோ அதன் தாளிலிருந்துதான் புத்தக அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஆசைப்பட்ட அளவை முதலில் எழுதி வைத்துவிட்டுத் தாள் தேடக் கூடாது.

பக்கங்களை அமைத்தது

படங்களை வட்டத்து நண்பர் ஒருவர் ஏ4 தாளில் பென்சிலால் வரைந்தார். ஏ4 படத்தை 71 சதவீதத்துக்குச் சுருக்கினால் அப்படியே ஏ5. எதையும் வெட்ட வேண்டாம், எங்கும் வெற்றிடம் விழாது. ஜெராக்ஸ் இயந்திரத்தில் 71, 141 என்று தயாராகப் பொத்தான் இருப்பது இதற்காகத்தான். 0.707 ஒரு படி கீழே, 1.414 ஒரு படி மேலே. மகிழம்பூவின் நுணுக்கமான கோடுகள் சுருங்கியதும் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. கைபேசியில் எடுத்த மரப் படங்களுக்கு இந்த வசதி இல்லை. அவை 4-க்கு 3. பக்கம் முழுக்க நிரப்பினால் அகலத்தில் ஏறத்தாழ 10 மி.மீ. வெட்டுப்படும். புங்கையின் முழு உருவம் இருந்த படத்தில் கிளை நுனி போய்விடும் என்று அதை மட்டும் பக்கத்துக்குள் சின்னதாகவே வைத்தேன்.

எழுத்தை மட்டும் ஏ4-இல் அமைத்துச் சுருக்கக் கூடாது. 14 புள்ளியில் தட்டியது 10 புள்ளிக்கு இறங்கிவிடும். ஆங்கிலத்துக்கு 10 போதும். தமிழில் ணை, ஞ், ழி போன்றவற்றின் சுழிகள் அந்த அளவில் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், படிப்பவர் சிறு குழந்தை என்றால் இன்னும் சிரமம். அதனால் பக்க அளவை முதலிலேயே ஏ5 என்று வைத்து, நேரடியாக 12 புள்ளியில் அமைத்தேன்.

புதிதாகக் கோப்பு திறக்கும்போது பக்க அளவு லெட்டர் என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். லெட்டர் என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்கும் அளவு, 216 × 279 மி.மீ. ஏ4-ஐ விட அகலம், ஆனால் குட்டை. லெட்டரில் அமைத்ததை ஏ4-க்குப் பொருத்தி அடித்தால் எல்லாம் 97 சதவீதமாகச் சுருங்கி, மேலும் கீழும் மட்டும் கூடுதல் வெள்ளை விழும்.

பக்க வரிசைக்கு ஒரு டம்மி செய்துகொண்டேன். வெறும் தாள் பத்தை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைத்து, 1 முதல் 40 வரை பென்சிலால் எண் போட்டுப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். வெளித்தாளின் ஒரு முகத்தில் 40-உம் 1-உம், மறுமுகத்தில் 2-உம் 39-உம். உள்தாளில் 22-உம் 19-உம், மறுமுகத்தில் 20-உம் 21-உம். ஒரு முகத்தில் இருக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 41, அதாவது மொத்தப் பக்கத்தோடு ஒன்று. கூட்டிப் பார்த்து 41 வராத முகத்தில் பக்கம் இடம் மாறியிருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிடலாம். பிடிஎஃப் மென்பொருளில் புக்லெட் என்று ஒரு தேர்வு உண்டு, இந்த அடுக்கலை அதுவே செய்துவிடும். ஆனாலும் டம்மி கையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு வாயால் விளக்குவதைவிட அதைக் காட்டுவது எளிது.

இழையோட்டம்

ஆலையில் காகிதக் கூழ் ஓடும் வலை மேல் பரவும்போது, நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. கரூர் பக்கம் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளானாலும் சரி, மரக்கூழில் செய்த தாளானாலும் சரி, இயந்திரத்தில் செய்த தாளுக்கு ஒரு திசை உண்டு. அச்சகத்தில் இதைக் கிரெயின் என்பார்கள். மூங்கிலை நீளவாக்கில் பிளப்பதற்கும் குறுக்கே உடைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் தாளிலும். இழையோட்டத்தோடு மடித்தால் கூர்மையாக, அமைதியாகப் படியும். குறுக்கே மடித்தால் விறைக்கும், தடித்த அட்டையாக இருந்தால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

ஈரத்திலும் இதன் வேலை தெரியும். நார் ஈரத்தை உறிஞ்சும்போது நீளத்தில் அதிகம் வளராது, பருமனில் உப்பும். அதனால் தாள் இழைக்குக் குறுக்கான திசையில்தான் விரியும். புத்தகத்தின் முதுகுக்குக் குறுக்கே இழை ஓடினால், மழைக்காலத்தில் முதுகோரம் விரிய இடமில்லாமல் பக்கங்கள் அலை அலையாக எழும்பி நிற்கும். இழை முதுகோடு சேர்ந்து மேலிருந்து கீழாக ஓடினால் அந்த விரிவு வெளியோரத்துக்குப் போய்விடும், கண்ணுக்கே தெரியாது. ஐப்பசி மழையில் குழந்தைகள் எடுத்துக்கொண்டு அலையப் போகும் புத்தகத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஜெராக்ஸுக்கு விற்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலானவற்றில் இழை 297 மி.மீ. பக்கத்தோடு ஓடும். இயந்திரத்துக்குள் விறைப்பாகப் போக அது நல்லது. ஆனால் அந்த ஏ4-ஐ ஏ5 ஆக மடிக்கும்போது மடிப்புக்கோடு 210 மி.மீ. பக்கத்துக்கு இணையாக விழுகிறது. இழைக்கு நேர் குறுக்கு. கடையில் அடித்து மடித்துப் பின் போட்ட சிறுநூல்கள் மேசையில் வைத்ததும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதற்கு இதுதான் காரணம்.

இதற்குத் தீர்வும் ஏ வரிசைக்குள்ளேயே இருக்கிறது. நீளவாக்கில் இழை ஓடும் ஏ3 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இழை 420 மி.மீ. பக்கத்தோடு ஓடுகிறது. அதை நடுவில் வெட்டினால் இரண்டு ஏ4. அந்த 420 இப்போது 210 ஆகிவிட்டது, இழை இன்னும் அதே திசையில்தான். ஆக, இழை குட்டைப் பக்கத்தோடு ஓடும் ஏ4 கிடைத்துவிட்டது. அதை ஏ5 ஆக மடித்தால் மடிப்பு 210 பக்கத்துக்கு இணை, இழையும் அதே திசை. ஒவ்வொரு வெட்டுக்கும் தாளின் நெடும்பக்கம் குறும்பக்கமாக மாறும், இழை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே ஒரு படி விட்டு ஒரு படி சரியாக வரும். இதே கணக்கில், ஏ6 குறிப்பேடு செய்ய வேண்டுமானால் சாதாரண ஏ4-ஐயே பாதியாக வெட்டி, கிடைக்கும் ஏ5-ஐ மடித்தால் போதும். ஏ3 தேவையில்லை.

கட்டில் எந்தத் திசை என்று எழுதியிருக்காது என்று வைத்துக்கொண்டு, வாங்கிய ஏ3-ஐச் சோதித்தேன். ஒரு தாளிலிருந்து விரல் அகலத்தில் இரண்டு பட்டைகள், ஒன்று நீளவாக்கில், ஒன்று குறுக்குவாக்கில், ஒரே நீளத்துக்கு வெட்டி, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு முனையில் பிடித்து நீட்டினால், இழைக்குக் குறுக்கே வெட்டிய பட்டை அதிகமாகத் தொங்கும். இன்னொரு சோதனையும் உண்டு. சதுரமாக ஒரு துண்டு வெட்டி, எந்தப் பக்கம் எது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒரு முகத்தை மட்டும் ஈர விரலால் தடவுங்கள். சில நொடிகளில் துண்டு குழல் மாதிரி சுருளும். குழல் நீளும் திசைதான் இழையின் திசை. என் துண்டு 420 பக்கத்துக்கு இணையாகச் சுருண்டது. நான் தேடியது அதுதான். மேலட்டைக்கு வாங்கும் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம்) அட்டையையும் இப்படிச் சோதித்தே வாங்குங்கள். அட்டையில் இழை மாறினால் பாதிப்பு இரண்டு மடங்கு.

அச்சு

ஏ3-ஐ முதலில் வெட்டி ஏ4 ஆக இயந்திரத்தில் விடலாம். ஆனால் இழை குறுக்கே இருக்கும் தாள் லேசர் இயந்திரத்தின் சூட்டில் கூடுதலாகச் சுருளும், சிக்கவும் வாய்ப்புண்டு. அதனால் ஏ3-இலேயே அடித்துவிட்டு அப்புறம் வெட்டினோம். நிமிர்த்தி வைத்த ஏ3 தாளில் 40-1 என்ற விரிப்பு மேலே ஒன்று, அதே விரிப்பு கீழே ஒன்று. பின்பக்கம் இரண்டிலும் 2-39. நடுவில் 210 மி.மீ.-இல் ஒரே வெட்டு, இரண்டு படிகளுக்கான தாள் தயார். 50 படிகளுக்கு 250 ஏ3 தாள், அரை ரீம். அட்டைக்கு 25.

முன்பின் அடிக்கும்போது ஒரு அமைப்பைச் சரியாகச் சொல்ல வேண்டும். நிமிர்ந்த ஏ3-இல் நெடும்பக்கத்தை ஒட்டித் திருப்பச் சொல்ல வேண்டும், அதாவது லாங் எட்ஜ். இதே புத்தகத்தைப் படுக்கவைத்த ஏ4-இல் அடித்தால் ஷார்ட் எட்ஜ். இரண்டிலுமே தாள் இடமிருந்து வலமாகத்தான் திரும்புகிறது, பெயர்தான் மாறுகிறது. மாற்றிச் சொன்னால் பின்பக்கம் முழுக்கத் தலைகீழாக வரும். "ஃபிட்" என்ற தேர்வை எடுத்துவிட்டு நூறு சதவீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விரிப்புகள் சற்றுச் சுருங்கி, வெட்டுக்கோடு நடுவில் இருக்காது. முதல் தாள் வந்ததும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முன்பக்க எண்ணும் பின்பக்க எண்ணும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதை ஓட்டச் சொன்னேன்.

வெட்டியது பைண்டிங் கடை அண்ணனின் கட்டிங் மெஷினில். கத்தியால் வீட்டில் வெட்டலாம், ஆனால் 250 தாளை ஒரே நேர்க்கோட்டில் வெட்ட இயந்திரம்தான் சரி. அவர் கட்டைத் தட்டிச் சீராக்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மூலையைப் பிடித்து லேசாக வளைத்து, தாள்களுக்கு இடையே காற்று புகவிட்டு, பிறகு மேசையில் இரண்டு பக்கமும் தட்டினார். ஒரு தாள்கூட வெளியே நீட்டவில்லை.

மடிப்பு, தையல்

உள்தாள்களை இரண்டு மூன்றாகச் சேர்த்து மடித்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் மடிப்பை ஒருமுறை அழுத்தித் தேய்த்தேன். நகத்தால் தேய்த்தால் தாள் பளபளத்துக் கறை மாதிரித் தெரியும். அட்டையை நேரடியாக மடிக்கக் கூடாது. மை தீர்ந்த பால் பேனாவை எஃகு ஸ்கேல் ஓரமாக இரண்டு முறை இழுத்தால் ஒரு பள்ளம் விழும், அச்சகத்தில் கிரீசிங் என்று செய்வதும் இதுதான். பள்ளம் விழுந்த முகம் வெளியேயும் புடைத்த முகம் உள்ளேயும் வருமாறு மடித்தால் அட்டை வெடிக்காது. பார்ப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஒரு துண்டு அட்டையில் இரண்டு விதமாகவும் மடித்துப் பாருங்கள், உடனே தெரியும்.

பைண்டிங் கடையில் சென்டர் பின் அடித்துத் தருவார்கள். வீட்டு ஸ்டேப்ளருக்கு ஏ5-இன் முதுகு வரை கை எட்டாது. நான் நூலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. பின் துருப்பிடிக்கும், துருவைச் சுற்றித் தாள் அரித்துப்போகும். பழைய சிறுபத்திரிகைகளைத் திறந்தால் நடுப்பக்கம் மட்டும் கழன்று கையோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள். நூல் அப்படிச் செய்யாது.

மூன்று துளைகள். முதுகு நீளம் 210, ஆகவே நடுவில் 105-இல் ஒன்று, மேலிருந்தும் கீழிருந்தும் 30 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று. கனத்த அட்டையில் இந்த மூன்று புள்ளிகளைக் குறித்து அச்சுக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டால் எல்லாப் படிகளிலும் துளை ஒரே இடத்தில் விழும். புத்தகத்தை விரித்து, பழைய தொலைபேசி டைரக்டரி ஒன்றின் நடுவில் பள்ளத்தில் வைத்து, உள்ளிருந்து வெளியே குத்தூசியால் குத்த வேண்டும். ஊசி மடிப்புக்கோட்டின் மேலேயே இறங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் வெளிப்புறத்தில் கண்ணை உறுத்தும்.

நூல் 45 செ.மீ., தடித்த பருத்தி நூல், மெழுகுவர்த்தியின் மேல் இரண்டு முறை இழுத்தது. மெழுகு ஏறிய நூல் முறுக்கிக்கொள்ளாது, முடிச்சும் வழுக்காது. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, வெளியிலிருந்து மேல்துளை வழியாக உள்ளே, உள்ளே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வரை ஒரே நீட்டு, கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. இப்போது இரண்டு முனைகளும் உள்ளே நடுத்துளையில் நிற்கும். நீண்ட நூல் அவற்றுக்கு நடுவில் கிடக்கும்படி ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் விட்டு, அதன் மேல் இறுக்கி இரட்டை முடிச்சு. நூலை இழுக்கும்போது முதுகுக்கு இணையாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும். கை பழகிய பிறகு ஒரு படி தைக்க ஒரு பாட்டு கேட்கும் நேரம் போதும். வட்டத்துப் பிள்ளைகள் இருவர் வந்து உட்கார்ந்து சளைக்காமல் தைத்தார்கள். அவர்கள் கைத்தையல் என்னுடையதைவிடச் சீராக இருந்தது.

தைத்து முடித்ததும் வெளியோரம் சரிவாக நிற்கும். பத்துத் தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்திருப்பதால் உள்தாள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெளியே துருத்தும். அதற்காகவே வெளியோரத்தில் தாராளமாக 15 மி.மீ. வெள்ளை விட்டிருந்தேன். அண்ணன் மெஷினில் 2 மி.மீ. வெட்டியதும் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. தாளும் மடிப்புக்கு இணங்கியது. மேசையில் விரித்து வைத்தால் கை வைக்காமலே படிந்து கிடந்தது.

தபாலும் உறையும்

சில படிகள் வெளியூர் அனுப்ப வேண்டியிருந்தது. எடையைத் தராசு இல்லாமலே கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டரில் 16 ஏ4 அடங்கும். 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு ஏ4 தாள் 5 கிராம். நாங்கள் போட்டது 70, ஆகவே தாள் ஒன்றுக்குச் சுமார் 4.4 கிராம். பத்துத் தாள் 44, அட்டை 250-ஐப் பதினாறால் வகுத்தால் ஏறத்தாழ 16. மொத்தம் 60 கிராம் அளவில். உறையின் எடையை மட்டும் சேர்த்துக்கொண்டால் தபால் செலவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உறைக்குத் தனி வரிசை உண்டு. ஏ-க்கும் பி-க்கும் நடுவில் வருவது சி. ஏ4 மடிக்காமல் போக சி4 (229 × 324), ஏ5 போக சி5 (162 × 229), ஏ6-க்கு சி6 (114 × 162). ஏ4 கடிதத்தை மூன்றாக மடித்தால் டிஎல் (110 × 220). பி வரிசை நம் அன்றாடத்தில் குறைவு என்றாலும், பாஸ்போர்ட் அந்த அளவுதான். 88 × 125 மி.மீ., அதாவது பி7. ஆனால் நம் ஸ்டேஷனரி கடைகளில் உறைகள் அங்குலத்தில்தான் கேட்கப்படுகின்றன, கொடுக்கப்படுகின்றன. 9 × 6 உறை ஏ5-க்குப் பொருந்துகிற மாதிரித் தோன்றும். 6 அங்குலம் என்பது 152 மி.மீ., புத்தகத்துக்கும் உறைக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான். ஒற்றைத் தாள் போகும், தைத்த புத்தகத்தைத் திணித்தால் ஓரம் பிளக்கும். ஒரு அளவு பெரிதாக வாங்கி, உள்ளே ஒரு அட்டைத் துண்டு வைத்து அனுப்பினேன்.

கூடவே செய்தவை

ஒரு ஏ4 தாளின் ஒரே முகத்தில் அடித்து 8 பக்க ஏ7 குறிப்பேடு ஒன்றும் செய்தோம், குழந்தைகள் பார்த்த மரத்தைக் குறித்துக்கொள்ள. தாளைப் படுக்கவைத்து எட்டுக் கட்டமாக்கினால், கீழ் வரிசையில் இடமிருந்து 6, 7, 8, 1. மேல் வரிசையில் தலைகீழாக 5, 4, 3, 2. நடு இரண்டு பத்திகளுக்கு மட்டும் குறுக்கே ஒரு கீறல் போட்டு, நீளவாக்கில் மடித்து, இரு முனையையும் நடுவை நோக்கித் தள்ளினால் புத்தகம் தானே விரிந்து வரும். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். சட்டைப் பையில் போகும். இதில் இழை குறுக்கேதான் விழும். ஒற்றைத் தாள் என்பதால் பாதகமில்லை.

மரங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடத்தை ஏ4-இல் வரைந்து 200 சதவீதம் பெரிதாக்கி, நாலு ஏ4 தாள்களில் அடித்து ஒட்டினோம். நாலு ஏ4 சேர்ந்தால் ஏ2. இயந்திரம் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அச்சிடாமல் விடும். அதனால் படத்தைத் தாள் விளிம்பு வரை கொண்டுபோகாமல் சற்று உள்ளடக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒட்டுவதற்கு இடம் விட்டிருந்தோம்.

கையேட்டைப் பார்த்த வட்டத்துப் பெரியவர் ஒருவர், எழுத்து இன்னும் பெரிதாக இருந்தால் தானும் படிப்பேன் என்றார். அதற்குப் புதிதாக எதையும் அமைக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஏ5 கோப்பை 141 சதவீதத்தில் ஏ4-இல் அடித்தால் 12 புள்ளி எழுத்து 17 புள்ளியாகிறது, படமும் முதலில் வரைந்த அளவுக்கே திரும்பிவிடுகிறது. பக்கம் பக்கமாக முன்பின் அடித்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தோம். மடிப்பே இல்லாததால் இதற்குச் சாதாரண ஏ4 கட்டுதான் பொருத்தம். இழை மேலிருந்து கீழாக, ஸ்பைரலுக்கு இணையாக ஓடும். அந்தப் பெரியெழுத்துப் படிகளைக் கேட்டு இன்னும் சிலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த கட்டாக அதைத்தான் அடிக்கப் போகிறோம்.